ஐஸ் ஹவுஸ் பிறந்த கதை

சென்னை திருவல்லிக்கேணிப் பக்கம் போகிற பேருந்தில் நடத்துநர் இன்றைக்கும் "ஐஸ் ஹவுஸ், ஐஸ் ஹவுஸ்" என்றுதான் கூவுகிறார். அங்கிருக்கும் காவல் நிலையத்துக்கும் அதே பெயர். மெரினாவைப் பார்த்தபடி வட்டமாக எழுந்து நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு 1963-ல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே ஐஸ் விற்பது நின்று 140 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் ஊர் வாயிலிருந்து பழைய பெயர் போகவில்லை.

அந்தப் பெயர் அங்கே வரக் காரணமானவர் ஃபிரெடரிக் டியூடர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கப்பல் வியாபாரி. இந்தியாவில் அவர் கால் பட்டதே இல்லை. தன் ஊர் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த தண்ணீரை வெட்டி எடுத்து, பாதி உலகம் தாண்டி, சித்திரை வெயில் காயும் சென்னைக் கரையில் இறக்கி விற்றார்.

நான் எழுதுவது ஒட்டன்சத்திரத்திலிருந்து. கடலுக்கு எந்தப் பக்கம் போனாலும் தூரம்தான். கப்பல் வியாபாரி ஒருவரின் கதை இந்த ஊருக்கு எதற்கு என்று கேட்கலாம். வெயிலோடு மல்லுக்கட்டி வியாபாரம் செய்கிற ஊர் இது. தோட்டத்தில் பறித்த தக்காளி, வெண்டை, கத்தரி, முருங்கை எல்லாம் காந்தி மார்க்கெட்டில் வந்து இறங்கி, எடை போட்டு, விலை பேசி, லாரி ஏறி, விடிவதற்குள் கேரளத்துக் கடைகளைத் தொட்டாக வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் எடையில் குறைகிறது, விலையில் குறைகிறது. கையில் இருக்கும்போதே கரைந்துகொண்டிருக்கிற சரக்கை எப்படி விற்பது? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்கப் போராடியவர் டியூடர். அதனால் அவர் கதை எங்களுக்கும் சொந்தம்.

ஐஸ் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் குளிர்ச்சி தெரியாமல் இல்லை. மண்பானையும் ஈரத்துணியும் எல்லா வீட்டிலும் உண்டு. வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லிடும் என்பது முகலாயர் காலத்திலேயே தெரிந்த விஷயம். வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் அப்படித் தண்ணீரைக் குளிர வைப்பதற்கென்றே தனி வேலைக்காரர் இருந்தார்கள். வங்காளத்தில் ஹூக்ளிப் பக்கம் குளிர்கால இரவுகளில் வைக்கோல் பரப்பிய குழிகளில் ஆழமில்லாத மண்தட்டுகளை அடுக்கித் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியும்போது மேலே மெல்லிய படலமாக ஐஸ் கட்டியிருக்கும். அதைச் சுரண்டிச் சேர்த்து விற்பார்கள். அழுக்கும் சேறும் கலந்த ஐஸ் அது. தென்னாட்டுச் சமவெளியில் அதற்கும் வழியில்லை.

டியூடர் 1783-ல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா பெயர் பெற்ற வழக்கறிஞர். சகோதரர்கள் ஹார்வர்டில் படித்தார்கள். இவர் பதின்மூன்று வயதிலேயே படிப்பை விட்டு வியாபாரத்தில் இறங்கினார். 1801-ல் உடல்நலம் குன்றிய தன் சகோதரரோடு கியூபாவில் உள்ள ஹவானாவுக்குப் போனார். வெப்பநாட்டுக் காற்று நோய்க்கு நல்லது என்று நம்பிப் போன இடத்தில் வெயில் இருவரையும் வாட்டி எடுத்தது. மறு ஆண்டே சகோதரர் இறந்துபோனார். வெப்பநாட்டுக் கோடை என்றால் என்னவென்று உடம்பால் அறிந்தவர் டியூடர். அவருடைய பிற்கால வேலைகளுக்கெல்லாம் அங்கேதான் விதை விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் பண்ணை வைத்திருந்தவர்கள் மார்கழி, தை மாதங்களில் குளத்து ஐஸை வெட்டிக் கொட்டகையில் போட்டு வைத்துக் கோடையில் பயன்படுத்துவது பழைய வழக்கம். டியூடர் குடும்பப் பண்ணையிலும் அது உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டாத இந்தப் பொருளை வெயில் நாட்டில் கொண்டுபோய் விற்றால் என்ன என்ற பேச்சு 1805-ல் வீட்டில் எழுந்தது. மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்தார்கள். டியூடர் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எழுதத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயரே ஐஸ் ஹவுஸ் டைரி. கப்பல் டைரி என்றோ வியாபார டைரி என்றோ அவர் பெயர் வைக்கவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1806 பிப்ரவரியில் முதல் பயணம். ஐஸ் ஏற்ற எந்தக் கப்பல்காரரும் சம்மதிக்கவில்லை. உருகினால் தண்ணீர் மற்ற சரக்கை நாசமாக்கும், கப்பலே ஒருபக்கம் சாயும் என்று பயந்தார்கள். டியூடர் ஃபேவரிட் என்ற சிறு கப்பலைத் தானே விலைக்கு வாங்கி, சுமார் 130 டன் ஐஸ் ஏற்றிக் கரீபியக் கடலில் உள்ள மார்டினிக் தீவுக்குப் புறப்பட்டார். பாஸ்டன் பத்திரிகை ஒன்று இதைச் செய்தியாகப் போட்டபோது, இது வேடிக்கையாக எழுதியது இல்லை என்று வாசகருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று வாரத்தில் கப்பல் செயின்ட் பியர் துறைமுகத்தை அடைந்தது. ஐஸும் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் அங்கே இறக்கி வைக்க இடம் இல்லை. கப்பலில் வைத்தே விற்க வேண்டியிருந்தது. வாங்கிப் போனவர்களுக்கு அதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெயிலில் திறந்து எடுத்துப் போனார்கள், உருகிப் போயிற்று என்று திரும்பி வந்து புகார் சொன்னார்கள். ஊரில் ஒரு பூங்கா நடத்தியவரைச் சம்மதிக்கவைத்து ஐஸ்கிரீம் செய்து கொடுத்தார் டியூடர். அது ஒரே இரவில் 300 டாலருக்கு விற்றது. மிச்ச ஐஸ் எல்லாம் தண்ணீராகிக் கடலுக்குப் போனது. சில ஆயிரம் டாலர் நஷ்டம்.

கடல் கடந்து ஐஸ் கொண்டுபோக முடியும் என்பது அந்தப் பயணத்தில் நிரூபணமாகிவிட்டது. கரையில் கிடங்கு இல்லாவிட்டால் கொண்டுபோய்ப் பயனில்லை என்பதும் நிரூபணமாகிவிட்டது. டியூடர் அடுத்த பத்து ஆண்டுகள் செலவிட்டது இந்த இரண்டாவது பாடத்துக்காகத்தான். ஐஸ் வியாபாரம் பிறந்த இடம் கப்பல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அது பிறந்தது கிடங்கில்.

அந்தப் பத்து ஆண்டுகள் எளிதாகப் போகவில்லை. 1807 டிசம்பரில் அமெரிக்க அரசு வெளிநாட்டு வாணிபத்துக்கே தடை போட்டது. பின்னால் பிரிட்டனோடு போர் வந்தது. கடன் ஏறியது. 1812-லும் 1813-லும் கடன்காரர்கள் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். 1815-ல் மறுபடியும் கைதாகாமல் தப்பி ஹவானாவுக்குக் கப்பலேறியவர், கையோடு கிடங்கு கட்டுவதற்கான மரச்சாமான்களையும் கொண்டு போனார். அங்கே இரட்டைச் சுவர் வைத்துக் கிடங்கு எழுப்பினார். வாசலிலேயே உட்கார்ந்து மணிக்கணக்காக ஐஸ் எவ்வளவு உருகுகிறது என்று அளந்தார். வைக்கோல், மரச்சீவல், கம்பளி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கடைசியில் வென்றது மரத்தூள். வடக்கே மெயின் மாநிலத்து மரம் அறுக்கும் பட்டறைகளில் அது மலையாகக் குவிந்து கிடந்தது. எடுத்துப் போனால் போதும் என்று பட்டறைக்காரர்கள் நினைத்த பொருள்.

மரத்தூள் ஏன் ஐஸைக் காக்கிறது? அதன் துகள்களுக்கு இடையே காற்று அசையாமல் சிறைப்பட்டு நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஐஸுக்கும் தன் பங்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கிலோ ஐஸ் உருக வேண்டுமானால், அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை காய்ச்சுவதற்கு ஆகும் வெப்பத்தை அது உள்ளே வாங்கியாக வேண்டும். வெப்பம் உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டால் ஐஸ் தானாக நாள் கடத்தும். குவியல் பெரிதாகப் பெரிதாக, எடையோடு பார்க்கும்போது வெளியில் படும் பரப்பு குறையும். அதனால் பெரிய கிடங்கு சிறிய கிடங்கைவிட நன்றாகக் காக்கும். உருகிய நீர் தேங்கி நின்றால் மிச்ச ஐஸையும் கரைக்கும், ஆகவே அடியில் வடிகால் வேண்டும். டியூடர் இதையெல்லாம் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. ஹவானாவில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்.

வாங்க ஆளைப் பழக்குவதிலும் அவர் கெட்டிக்காரர். மதுக்கடைகளுக்கும் காபிக் கடைகளுக்கும் முதலில் ஐஸை இலவசமாகக் கொடுத்தார். குளிர்ந்த பானத்தையும் குளிராத பானத்தையும் ஒரே விலைக்கு விற்கச் சொன்னார். ஒரு வாரம் குளிர்ந்ததைக் குடித்தவர் அதன் பிறகு சூடானதைத் தொடமாட்டார் என்பது அவர் கணக்கு. அது தப்பவில்லை. சார்ல்ஸ்டன், சவானா, நியூ ஆர்லியன்ஸ் என்று அமெரிக்கத் தென்கரை நகரங்களிலும் அவர் கிடங்குகள் எழுந்தன. இந்த ஊர்களின் செல்வம் அடிமைகளின் உழைப்பில் விளைந்த செல்வம் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் இல்லை. குளிர்ந்த பானம் ஏந்திய கைகளும் கரும்பு வெட்டிய கைகளும் வேறு வேறு.

ஐஸ் வெட்டும் வேலையை மாற்றியவர் நதானியேல் வயத் என்ற இளைஞர். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் ஃப்ரெஷ் பாண்ட் என்ற ஏரிக்கரையில் விடுதி நடத்திய குடும்பம். அதுவரை கோடரியும் ரம்பமும் வைத்துக் கண்ட வடிவத்தில் வெட்டினார்கள். வயத் 1820-களில் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை ஒன்றைச் செய்தார். உறைந்த ஏரியின் மேல் அது இணையான கோடுகளை ஆழமாகக் கீறிக்கொண்டு போகும். குறுக்கிலும் நெடுக்கிலும் கீறினால் ஏரி முழுவதும் ஒரே அளவுக் கட்டங்களாகப் பிரியும். பிறகு கடப்பாறையால் தட்டிப் பிரித்தால் போதும். வெட்டுக்கூலி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்பார்கள். கூலியைவிடப் பெரிய லாபம் வேறு. எல்லாக் கட்டியும் ஒரே சதுரம் என்பதால் இடுக்கு விடாமல் அடுக்க முடிந்தது. இடுக்கு இல்லையென்றால் நடுவே காற்றோட்டம் இல்லை, உருகலும் குறைவு. இந்தக் கலப்பை இல்லாமல் இந்தியாவுக்கு ஐஸ் வந்திருக்காது.

இந்தியா என்ற யோசனையைக் கொண்டுவந்தவர் சாமுவேல் ஆஸ்டின் என்ற பாஸ்டன் வியாபாரி. அவர் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து அவுரி, தோல், வெடியுப்பு என்று ஏற்றி வரும். போகும்போது ஏற்றிச் செல்லச் சரக்கு போதாது. வெறும் கப்பல் கடலில் நிலையாக நிற்காது என்பதால் கல்லையோ மண்ணையோ பாரமாக ஏற்றிப் போவார்கள். அந்தப் பாரத்துக்குப் பதிலாக ஐஸை ஏற்றினால் என்ன? வாடகை மிச்சம்.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. கூட வந்த பங்காளி வில்லியம் ராஜர்ஸ். நான்கு மாதப் பயணம். நில நடுக்கோட்டை இரண்டு தடவை கடக்க வேண்டும். செப்டம்பரில் ஹூக்ளி ஆற்றுக்குள் கப்பல் நுழைந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கல்கத்தா வெள்ளையர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஐஸுக்குச் சுங்க வரி தள்ளுபடி ஆனது. வெயில் படாமல் இரவில் இறக்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் ராஜர்ஸுக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். ஊரார் சந்தா திரட்டிக் கிடங்கு கட்டினார்கள். ஐஸோடு பாஸ்டன் ஆப்பிளும் வெண்ணெயும் கெடாமல் வந்து சேர்ந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் கல்கத்தா மட்டும் டியூடருக்குச் சுமார் 2,20,000 டாலர் லாபம் கொடுத்ததாகக் கணக்கு.

அந்த 1833-ல்தான் சென்னை மாகாணத்தின் வடபகுதியில், குண்டூர்ச் சீமையில், பெரும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. மனிதர்கள் சாலையோரம் விழுந்து செத்தார்கள். பாஸ்டனிலிருந்து ஐஸ் கொண்டுவர முடிந்த உலகத்தில் பக்கத்து மாவட்டத்திலிருந்து நெல் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. யாருடைய தேவைக்குக் கப்பல் ஓடியது, யாருடைய தேவைக்கு ஓடவில்லை என்பதும் இந்தப் பிறந்த கதையின் ஒரு பகுதி.

கல்கத்தா வெற்றிக்குப் பிறகு பம்பாயும் சென்னையும். சென்னைக் கிடங்கு 1842 வாக்கில் எழுந்தது. இடத்தைத் தேர்ந்த விதத்தைப் பாருங்கள். அன்றைக்குச் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே மசூலாப் படகுகள்தான் போய்வரும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. அலை அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்தப் படகுகளில்தான் ஐஸ் கட்டிகள் அலை தாண்டின. துடுப்புப் போட்டவர்கள் சென்னைக் கரையோர மீனவர்கள். கரையிலிருந்து தலையிலும் தோளிலும் சுமந்தவர்கள் கூலிக்காரர்கள். வெயிலில் உருகுகிற சரக்கை ஓட்டமாகத்தான் கொண்டுபோக வேண்டும். கடலோரத்திலேயே கிடங்கு நின்றதற்குக் காரணம் அதுதான். அன்று கடலும் இப்போது இருப்பதைவிட அந்தக் கட்டடத்துக்கு நெருக்கமாக இருந்தது.

கட்டடத்தின் வட்ட வடிவமும் காரணத்தோடு வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே அளவு இடத்தைச் சுற்றி எழுப்பும் சுவர்களில் வட்டச் சுவரே நீளம் குறைந்தது. சுவர் குறைந்தால் வெயில் படும் பரப்பும் குறையும். சுவர் தடிமன். சன்னல் இல்லாத இறுக்கம். பிற்காலத்தில் இதை வீடாக்கிக்கொண்டவர் சன்னல்கள் திறக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, கட்டியவர்கள் காற்றை எவ்வளவு கவனமாக அடைத்தார்கள் என்பது தெரியும்.

பாஸ்டன் இருக்கும் மாசச்சூசட்ஸ் மாநிலத்து ஏரித் தண்ணீர் இப்படிச் சென்னை வெள்ளையரின் விருந்து மேசைக்கு வந்தது. காய்ச்சல்காரர் நெற்றிக்கும் வந்தது. உள்ளூர்ச் சாதாரண மக்களுக்கு அது எட்டாத பொருள். கூலிக்குச் சுமந்தபோது மட்டும்தான் அதன் குளிர்ச்சியைத் தொட்டிருப்பார்கள்.

எங்கள் திண்டுக்கல் பக்கத்துக்கும் அதே பாஸ்டனோடு அந்தக் காலத்திலேயே ஒரு தொடர்பு உண்டு. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி அமைப்பு 1834-ல் மதுரையில் வேலை தொடங்கி, விரைவிலேயே திண்டுக்கல்லுக்கும் வந்தது. சமவெளி வெயிலும் நோயும் அவர்கள் குடும்பங்களில் பலரைக் கொண்டுபோயின. சென்னையில் இருந்தால் கப்பலில் வரும் குளிர்ச்சியை வாங்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. அதனால் குளிர்ச்சி இருக்கும் இடத்துக்கு ஏறிப் போனார்கள். 1845-ல் பழனி மலைத்தொடரின் மேலே சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊர் அப்படிப் பிறந்தது. சென்னையில் ஐஸ் ஹவுஸ் எழுந்ததற்கும் கொடைக்கானலில் முதல் பங்களா எழுந்ததற்கும் இடையே இருப்பது சில ஆண்டுகள்தான். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே வெயில், ஒரே நகரம்.

1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் கன்கார்டு ஊரில் உள்ள வால்டன் குளத்திலும் ஐஸ் வெட்டினார்கள். அதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. 1854-ல் அவர் வெளியிட்ட 'வால்டன்' நூலில் தன் குளத்துத் தண்ணீரைக் குடிக்கிற தூரத்து ஊர்களில் ஒன்றாகச் சென்னையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பகவத் கீதையை அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர் அவர்.

டியூடருக்கு இந்திய ஐஸில் வந்த பணம் கையில் நிற்கவில்லை. காபி விலை ஏறும் என்று சூதாடி 1830-களின் நடுவில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் இழந்தார். அந்தக் கடனை அடைத்தது ஐஸ்தான். அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. போட்டியாளர் வந்தால் அவர் அழியும் வரை விலையைக் கீழே தள்ளுவார். பங்காளிகளோடு ஓயாமல் சண்டை. நல்ல மனிதர் என்று அவரை என்னால் சொல்ல முடியாது. சளைக்காத மனிதர் என்று சொல்வேன். 1850-களின் நடுவில் பாஸ்டனிலிருந்து ஆண்டுக்கு 1,30,000 டன்னுக்கு மேல் ஐஸ் கப்பலேறியது. 1864 பிப்ரவரியில் பணக்காரராக, எண்பது வயதில் இறந்தார்.

அவர் வியாபாரத்தின் முடிவும் அவர் காலத்திலேயே பிறந்துவிட்டது. காய்ச்சல் நோயாளிகளுக்காக ஜான் காரி என்ற ஃபுளோரிடா மருத்துவர் ஐஸ் செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி 1851-ல் காப்புரிமை பெற்றார். அவர் வறுமையில் இறந்தார். இயந்திரம் இறக்கவில்லை. அம்மோனியாவை வைத்துக் குளிர்விக்கும் முறைகள் தேறின. 1874-ல் சென்னையிலேயே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி நீராவி இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியது. நான்கு ஆண்டு கழித்துக் கல்கத்தாவிலும் அப்படி ஒரு கம்பெனி. உள்ளூரில் செய்யும் ஐஸ் வந்த பிறகு கப்பல் ஐஸ் நிற்க முடியவில்லை.

காலியான சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். நீதிபதி கெர்னன் பெயரில் கேஸில் கெர்னன் என்று பெயர் வைத்தார். மேலைநாடு போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். பிறகு சில ஆண்டுகள் ராமகிருஷ்ண மடம் அங்கே இயங்கியது. அதற்குப் பின் அரசு வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி வைத்துப் படிக்கவைத்த இடமும் அதுவே. தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். அந்தச் சுவர்கள் கண்டவற்றில் மிகப் பெரிய காரியம் அதுதான் என்பது என் தீர்ப்பு.

ஐஸ் இயந்திரம் வந்த பிறகும் டியூடரின் மரத்தூள் நம்மை விட்டுப் போகவில்லை. என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். சர்பத்துக் கடையில் மரப்பெட்டிக்குள் மரத்தூளில் புதைத்து, மேலே ஈரச்சாக்குப் போட்டு மூடிய ஐஸ் பார். கடைக்காரர் கையால் தூளைத் துடைத்துத் தண்ணீரில் அலசி, உடைத்துப் போடுவார். ஃப்ரிட்ஜ் இல்லாத கடையில் அந்தக் கட்டி சாயங்காலம் வரை தாங்கும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். விலை சரிகிற நாட்களில் ஒட்டன்சத்திரத்தில் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிற விவசாயியைப் படம் எடுத்துப் பத்திரிகைகள் போடுகின்றன. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத விலை. இரண்டு நாள் வைத்து விற்க முடிந்தால் நிலைமை வேறு. வைக்க இடம் இல்லை. குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்ற கோரிக்கை இங்கே நெடுநாளாக இருக்கிறது. சாலை அகலமாகிவிட்டது, லாரிகள் பெருத்துவிட்டன, செல்பேசியில் கேரளத்து விலை நிமிடத்தில் தெரிகிறது. கப்பல் மட்டும் தயாராகி, கரையில் கிடங்கு இல்லாமல் மார்டினிக்கில் போய் நின்ற டியூடரின் நிலையில்தான் நாம் இன்னும் இருக்கிறோம்.

பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. சுற்றிலும் வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்காகும். அந்த அளவுக்கு விரைவாக வாடும், பழுக்கும், அழுகும். ஆகவே கிடங்கில் வைப்பதற்கு முன்பே, பறித்த சூட்டோடு காயின் வெப்பத்தை இறக்குவது முதல் வேலை. சாக்கு மூட்டையில் திணித்து அடுக்கினால் நடுவில் இருக்கும் காய் வெந்துபோகும், காற்றோட்டமுள்ள கிரேட் வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பகுதி உருளைக்கிழங்கை நினைத்துக் கட்டியவை. 3, 4 டிகிரிக் குளிர் உருளைக்குச் சரி. தக்காளியும் கத்தரியும் 10 டிகிரிக்குக் கீழே நாள்பட இருந்தால் குளிரிலேயே கெடும். பாச்சலூர்ப் பக்கத்து மலைக்காய்க்கு ஒரு குளிர், கீழ்நாட்டுத் தக்காளிக்கு ஒரு குளிர் என்று தனித்தனி அறை இல்லாத கிடங்கு எங்களுக்கு உதவாது.

விவசாயிகள் சங்கத்தாரும் கமிஷன் மண்டிக்காரர்களும் அதிகாரிகளிடம் அடுத்த முறை பேசும்போது, குளிர்பதனக் கிடங்கு என்று பொதுவாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள். எத்தனை அறை, எந்தக் காய்க்கு எத்தனை டிகிரி, மார்க்கெட்டிலிருந்து எவ்வளவு தூரம், மின்சாரம் போனால் மாற்று என்ன, ஒரு கிரேட்டுக்கு நாள் வாடகை எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். ஒரு ஏக்கர் தக்காளி போட்டவரும் கொண்டுவந்து வைக்கக்கூடிய வாடகையாக அது இருக்க வேண்டும்.